வரிசையில் நின்றாடும் ஆடல்

ஆடல் என்றவுடன், அரங்கில் ஒருவர் தனித்து நின்று திறங்காட்ட, ஏனையோர் அமர்ந்து காணும் காட்சியே பலர் நினைவிற்கு வரும். ஆடுவோர், காண்போர் என்னும் பிரிவின்றி, வந்தோர் யாவரும் வரிசையில் நின்றாடும் ஆடல்களும் உள. அமெரிக்க நாட்டுக் கறுப்பின மக்கள் உலகிற்களித்த ‘ஷிம் ஷாம்’ அத்தகையது. அதனைக் கற்க விழையும் இளைஞர்க்கு நாம் கூற விரும்புவது ஒன்றுண்டு: அடவுகளைக் கற்பது பாதிக் கல்வியே; அவை எவரிடமிருந்து வந்தன என்று அறிவதே மற்றைப் பாதி.

1920-களின் பிற்பகுதியில் லெனர்டு ரீடு, வில்லி பிரையன்ட் என்னும் கலைஞர் இருவர் இதனை அமைத்தனர் என்பர். தொடக்கத்தில் இது தட்டொலி எழுப்பும் காலணியணிந்து ஆடப்பெற்றது. காட்சியின் முடிவில் கலைஞர் அனைவரும் மேடையேறி ஒருங்கே ஆடி விடைபெறுதற்கும் இதுவே பயன்பட்டது.

இதன் அமைப்பு எளிது. அடிப்படை அடவுகள் நான்கே. ஆயினும் புதிதாய்ப் பயில்வோர் முதலடியிலேயே இடறுவர். இசையை எட்டெட்டாக எண்ணுங்கால், ஒன்றில் அடியெடுத்து வைத்தலே நம் இயல்பு. இங்கோ, அதற்கு முந்திய எட்டிலேயே வலக்கால் விழுதல் வேண்டும். ஒன்றிற்குக் காத்திருப்போர் பிந்திவிடுவர். ஆகவே வாய்விட்டு எண்ணி, மெல்ல அடிவைத்துப் பன்முறை பயின்ற பின்னரே இசையோடு ஆடுதல் தக்கது. விரைவு தானே வரும்.

எல்லாரும் ஒன்றையே ஆடுவது படைப்பயிற்சியை ஒக்குமன்றோ, தனித்திறனுக்கு இடமேது எனச் சிலர் வினவலாம். அங்ஙனமன்று. அடவு பொதுவாயினும் தோளின் அசைவும் முழங்காலின் நெகிழ்வும் அவரவர்க்கே உரியவை. அன்றியும், தேர்ந்தவரும் புதியவரும் ஒரே வரிசையில் நிற்றலால், முன்னவர் செருக்கும் பின்னவர் நாணமும் ஒருங்கே குறையும்.

இவ்வொப்புரவு எளிதிற் கிடைத்ததன்று. நியூயார்க் நகரத்து ஹார்லம் பகுதியிலிருந்த காட்டன் கிளப்பில் கறுப்பினத்தார் மேடையில் ஆடினர். அமர்ந்து காணும் உரிமையோ வெள்ளையர்க்கே இருந்தது. அதே ஹார்லத்தில் 1926-இல் திறந்து 1958-இல் மூடப்பெற்ற சவாய் நடன மண்டபத்தில் இரு நிறத்தாரும் ஒரே தளத்தில் ஆடினர். அம்மண்டபத்தில் புகழ்பெற்ற ஃபிராங்கி மேனிங் (1914–2009) பின்னர் ஆடலைத் துறந்து, ஏறத்தாழ முப்பதாண்டுகள் அஞ்சல் துறையில் ஊழியம் புரிந்தார். 1980-களில் இளைஞர் சிலர் அவரைத் தேடிச் சென்று கற்றனர். அவர் பரப்பிய வரிசை ஆடலே இன்று பல நாடுகளில் ஆடப்பெறுகின்றது. அதன் முடிவில் வரிசை கலைந்து, அருகிலுள்ளாரைத் துணைகொண்டு யாவரும் ஆடுவர்.

ஏட்டில் எழுதிய நூல் நூறாண்டு கிடந்தும் படிக்கப்படும். உடலில் எழுதிய கலையோ, கற்பார் இல்லையேல், அவ்வுடலோடு மறையும். இளைஞர் தேடிச் செல்லாதிருப்பின் மேனிங் அறிந்தவற்றுள் எத்துணை இன்று எஞ்சியிருக்கும்? ஆதலின் இவ்வாடலைப் பயில்வோர், காலடியை எண்ணுவதோடு அமையாது, அதனைத் தந்தோர் பெயரையும் அவர்தம் மக்கள் பட்ட இடரையும் அறிந்து, அடுத்தவர்க்கும் சொல்லிக் கற்பிப்பாராக. நன்றியறிதலும் அவ்வரிசையில் உடன் நிற்கவேண்டும் என்பதே எமது துணிபு.