பூகம்பமும் பாவமும்

சில நாட்களுக்கு முன்பு ஒரு மாலை, பக்கத்து வீட்டுப் பெரியவர் மூச்சிரைக்க நம் வீட்டுப் படியேறி வந்தார். கையில் கைபேசி, முகத்தில் கலவரம்.

"ஸார்! விஷயம் தெரியுமோ, இல்லையோ? இன்று இரவு சரியாகப் பன்னிரண்டரை மணிக்குப் பூகம்பம் வருகிறதாம்!"

"யார் சொன்னார்கள்?" என்று கேட்டோம்.

"யார் சொன்னார்களா? அச்சடித்தாற்போல் வந்திருக்கிறதே! அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டார்கள். என் மைத்துனன் அனுப்பினான். அவனுக்கு அவனுடைய சிநேகிதர் ஒருவர் அனுப்பினாராம்."

அந்தச் சிநேகிதருக்கு யார் அனுப்பினார்கள் என்று கேட்க நாம் வாயெடுப்பதற்குள், பெரியவர் அடுத்த வீட்டை நோக்கிப் புறப்பட்டுவிட்டார். அன்றிரவு அவருடைய குடும்பம் முழுவதும் முற்றத்தில் கட்டிலைப் போட்டுக்கொண்டு விழித்திருந்தது. பூகம்பம் வரவில்லை, கொசு வந்தது. மறுநாள் காலையில் அவரைப் பார்த்து, "என்ன, பூமி அசையவே இல்லையே?" என்று விசாரித்தோம்.

"அதுதான் ஸார் அதிசயம்! ஊர் முழுவதும் பிரார்த்தனை செய்தோம் அல்லவா? ஆபத்து விலகிவிட்டது!" என்றார்.

பூகம்பம் வந்திருந்தால் செய்தி உண்மை. வராமற்போனால் பிரார்த்தனை உண்மை. எது நடந்தாலும் தோற்காத இப்படிப்பட்ட நம்பிக்கையை உலகத்தில் யாரால் அசைக்க முடியும்? பூமியே அசைந்தாலும் அது அசையாது! இன்ன நாளில், இன்ன மணிக்கு, இன்ன இடத்தில் பூகம்பம் வரும் என்று முன்கூட்டிச் சொல்லும் வித்தை இன்றுவரை எந்த தேசத்து விஞ்ஞானிக்கும் கைவரவில்லை. ஆனால் நம் பெரியவருடைய மைத்துனருக்கு அது கைவந்திருக்கிறது.

இதைப் படித்துப் புன்னகை செய்யும் வாசகர்களை ஒரு கேள்வி கேட்க விரும்புகிறோம். முகம் தெரியாத ஒருவர் எழுதிவிட்ட செய்தியைச் சந்தேகிப்பது பெரிய காரியமன்று. நாம் உயிரினும் மேலாக மதிக்கும் ஒரு மகா புருஷர், நாம் மனமார ஒப்புக்கொள்ளும் ஒரு நல்ல காரியத்துக்காக, ஆதாரமில்லாத ஒன்றைச் சொன்னால் அப்போது என்ன செய்வது? நமது தேச சரித்திரத்தில் அப்படிப்பட்ட சோதனை ஒன்று நேர்ந்தது. அதுவும் ஒரு பூகம்பத்தை ஒட்டியே நேர்ந்தது.

*

1934-ம் வருஷம் ஜனவரி மாதம் 15-ந் தேதி, பிற்பகல் 2 மணி கடந்து சில நிமிஷங்கள் ஆகியிருந்தன. வட பீகாரும் நேபாளமும் குலுங்கின. முங்கேரும் முஜாபர்பூரும் இடிபாட்டுக் குவியல்களாயின. காட்மாண்டுப் பள்ளத்தாக்கில் பழம்பெரும் கோயில்களும் அரண்மனைகளும் சரிந்தன. வட பீகாரின் வயல்களிலே நிலம் வெடித்து, தண்ணீரும் மணலும் ஊற்றுப்போல் பீறிட்டுப் பயிர்நிலத்தை மூடின. இரு நாடுகளிலும் சேர்த்து மாண்டவர்கள் பதினாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். சிறையிலிருந்து நோயாளியாக வெளிவந்த ராஜேந்திர பிரசாத், உடல்நிலையைப் பொருட்படுத்தாமல் நிவாரண வேலைக்குத் தலைமை வகித்தார். ஜவாஹர்லால் நேரு முங்கேரில் மண்வெட்டியைக் கையில் எடுத்து இடிபாடுகளைத் தோண்டினார்.

அந்தச் சமயத்தில் மகாத்மா காந்தி எங்கே இருந்தார்? நமது தென்னாட்டிலேதான் இருந்தார். தீண்டாமையை ஒழிப்பதற்காக 1933 நவம்பரில் தொடங்கிய யாத்திரையில் ஊர் ஊராகச் சென்றுகொண்டிருந்தார். ஜனவரி 24-ந் தேதி திருநெல்வேலிப் பொதுக்கூட்டத்தில் பேசும்போது, பீகார் பூகம்பம் தீண்டாமை என்னும் மகா பாவத்துக்காகக் கடவுள் நமக்கு அளித்த தண்டனை என்று தாம் நம்புவதாகச் சொன்னார்.

அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். சொன்னவர் மகாத்மா. சொல்லிய நோக்கமோ தீண்டாமைப் பேயை ஓட்டுவது. அதைக் காட்டிலும் புண்ணியமான நோக்கம் ஒன்று உண்டா? "இல்லை, இது சரியல்ல" என்று சொல்வதற்கு யாருக்குத்தான் நா எழும்?

ஒருவருக்கு எழுந்தது. அவர் மகாத்மாவின் விரோதி அல்லர். 1932 செப்டம்பரில் எரவாடா சிறையில் மகாத்மா உண்ணாவிரதத்தை முடித்தபோது, அருகில் இருப்பதற்காக வங்காளத்திலிருந்து ஓடோடி வந்தவர். தீண்டாமையை மகாத்மாவைப் போலவே வெறுத்தவர். அவர்தான் கவி ரவீந்திரநாத தாகூர்.

தாகூர் மறுப்பு எழுதியதைக் காட்டிலும், எழுதிய முறையே நமக்கு மிகவும் பாடமாக இருக்கிறது. பத்திரிகையில் செய்தியைப் பார்த்தவுடன் அவர் பேனாவை எடுத்துக்கொண்டு மகாத்மாவைத் தாக்கக் கிளம்பிவிடவில்லை. மகாத்மா இப்படிப் பேசியிருப்பாரா என்றே அவருக்குச் சந்தேகம். ஆகவே மறுப்பை எழுதி, அதை மகாத்மாவுக்கே அனுப்பினார். பத்திரிகைச் செய்தி உண்மையானால் இதை வெளியிடுங்கள். உண்மையில் நடவாத ஒன்றைக் கொண்டு உங்களைக் கண்டிக்க நான் விரும்பவில்லை என்ற கருத்தில் ஒரு கடிதமும் வைத்தார்.

கண்டனம் எழுதுமுன், கண்டிக்கப்படுகிறவரிடமே "இது நீங்கள் சொன்னதுதானா?" என்று கேட்டுக்கொள்ளும் பண்பு இன்று எத்தனை பேரிடம் இருக்கிறது? சந்தேகம் என்பது பிறர் சொல்லின்மீது மட்டும் பாய வேண்டிய பாணம் அன்று. நம் காதில் விழுந்ததையும், நமக்கு வந்த கோபத்தையும்கூடச் சற்று நிறுத்திச் சந்தேகிக்க வேண்டும்.

*

தாகூரின் வாதம் என்ன? இயற்கையில் நிகழும் விபத்துக்களுக்குக் காரணம் இயற்கையிலேயே இருக்க வேண்டும் என்பது முதலாவது. மனிதன் செய்யும் பாவத்துக்குப் பூமியின் அஸ்திவாரத்தைப் பெயர்க்கும் சக்தி இல்லை. இரண்டாவது, இந்த மாதிரித் தர்க்கத்தை எதிர்க்கட்சிக்காரரும் அதே சுலபத்துடன் உபயோகிக்கலாம் என்பது. தீண்டாமையை ஒழிக்கக் கிளம்பிய குற்றத்துக்காகவே பூமி பிளந்தது என்று ஒரு வைதிகர் சொன்னால் அவருக்கு என்ன பதில் சொல்வது? இருவருக்கும் சாட்சி அதே பூகம்பந்தான். எந்தக் கட்சிக்கும் சாட்சி சொல்லத் தயாராக இருக்கும் சாட்சியை எந்த நீதிபதியாவது ஏற்றுக்கொள்வாரா?

நேருவும் தாகூரின் பக்கமே நின்றார். மகாத்மாவின் பேச்சைப் படித்துத் தமக்கு ஏற்பட்ட அதிர்ச்சியை, 1936-ல் வெளிவந்த தமது சுயசரிதையில் மறைக்காமல் எழுதினார். நாம் செய்த பாவங்கள் அநேகம் இருக்க, எந்தப் பாவத்துக்காக இந்தத் தண்டனை என்று எப்படித் தெரிந்துகொள்வது என்ற அவருடைய ஐயம் நியாயமானதே. இன்னொரு கேள்வியும் உண்டு. பூகம்பத்தில் செத்தவர்களில் தீண்டாமையைப் பாராட்டியவர்கள் மட்டுமா இருந்தார்கள்? தீண்டாமையால் வதைபட்டவர்களும் இருந்தார்கள். எந்தப் பாவமும் அறியாத குழந்தைகளும் இருந்தார்கள்.

மகாத்மா என்ன செய்தார்? அங்கேதான் அவருடைய பெருமை விளங்குகிறது. தம்மை மறுத்து எழுதிய கட்டுரையைத் தமது "ஹரிஜன்" பத்திரிகையிலேயே பிப்ரவரி 16-ந் தேதி வெளியிட்டார். கூடவே தமது பதிலையும் எழுதினார். இயற்கை நிகழ்ச்சிகளுக்கும் மனிதருடைய ஒழுக்கத்துக்கும் சம்பந்தம் உண்டு என்பது தமது திடமான நம்பிக்கை. ஆனால் அதைத் தம்மால் நிரூபிக்க முடியாது என்று ஒப்புக்கொண்டார். இந்த நம்பிக்கை தவறாகவே இருந்தாலும், தமக்கும் தம்மோடு நம்புகிறவர்களுக்கும் அது நன்மையே செய்திருக்கும் என்றும் சொன்னார்.

இந்த இடத்தில், மகாத்மாவை வணங்கிக்கொண்டே, நாம் அவரை விட்டுப் பிரிய வேண்டியிருக்கிறது. நன்மை செய்யும் என்பதால் ஒரு விஷயம் உண்மையாகிவிடுவதில்லை. அன்றியும், தீண்டாமை பாவம் என்பதற்குப் பூமி அதிர்ந்து சாட்சி சொல்ல வேண்டுமா? பூமி அசையாமல் கிடந்த ஆயிரம் வருஷங்களிலும் அது பாவமாகத்தானே இருந்தது? நல்ல கட்சிக்குப் பலவீனமான சான்றைத் தேடிக் கொடுப்பது, உறுதியான சுவருக்கு உளுத்துப்போன மரத்தால் முட்டுக் கொடுப்பதைப் போன்றது. முட்டு முறிந்தால், சுவரே விழுந்தது என்று எதிரிகள் கைகொட்டுவார்கள்.

*

உண்மையில் அந்தப் பூகம்பம் ஏன் வந்தது? 1934-ல் இதற்கு முழுமையான விடை யாரிடமும் இல்லை. தாகூரிடமும் இல்லை. கண்டங்கள் நகர்கின்றன என்று ஜெர்மனி தேசத்து ஆல்பிரட் வெகனர் 1912-லேயே சொல்லியிருந்தார். பூகோள சாஸ்திரிகளில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. அவர்கள் கேட்டது சான்று. கடலடியை ஆராய்ந்ததில் சான்றுகள் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. 1960-களில் விஞ்ஞான உலகம் தன் அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டது. சந்தேகத்துக்கு இதுவே இலக்கணம்: சான்று இல்லாதவரை தலையாட்டாமல் இருப்பது, சான்று வந்தபின் பிடிவாதம் பிடிக்காமல் இருப்பது. எதையும் நம்பாதவனும் எல்லாவற்றையும் நம்புகிறவனும் ஒரே சோம்பேறித்தனத்தின் இரண்டு பிள்ளைகள். இருவரும் விசாரிக்கும் சிரமத்தை மேற்கொள்வதில்லை.

இன்று நாம் அறிந்தது இது: இந்தியாவைத் தாங்கும் பாறைத் தட்டு வடக்கே நகர்ந்து இமயமலைக்கு அடியில் நுழைந்துகொண்டிருக்கிறது. இமயத்தின் குறுக்கே இந்த நெருக்கம் ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர். நம் விரல் நகம் வளரும் வேகத்தை அது எட்டாது. ஆனால் பாறைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நகராமல் நிற்கும்போது, நூற்றாண்டுக் கணக்கில் அழுத்தம் சேர்கிறது. ஒரு நாள் பிடி விடுகிறது, பூமி குலுங்குகிறது. 1934-ல் பிளந்த அதே பிளவுக்கோடு 1255-லும் பிளந்தது என்பதற்கு நிலத்தில் தடயம் இருப்பதாக ஆராய்ச்சியாளர்கள் 2013-ல் வெளியிட்டார்கள். அந்த 1255-ம் வருஷத்துப் பூகம்பத்தில் நேபாள மன்னர் அபய மல்லரே உயிரிழந்தார். அவர் எந்தப் பாவத்துக்குத் தண்டனை அடைந்தார் என்று யார் சொல்லக்கூடும்?

"காரணம் எதுவானால் என்ன? போன உயிர் திரும்பியா வரப்போகிறது?" என்று சிலர் கேட்கலாம். போன உயிர் வராது. இருக்கும் உயிரைக் காக்கலாம் அல்லவா? பூகம்பம் தண்டனை என்று நம்பினால், பரிகாரம் செய்துவிட்டுப் பழையபடியே வீட்டைக் கட்டுவோம். அது பாறையின் அழுத்தம் என்று அறிந்தால், எந்த மண்ணில் எப்படிக் கட்டினால் சுவர் தாங்கும் என்று யோசிப்போம். நம் தேசத்தில் பூகம்பத்தைத் தாங்கும் கட்டடங்களுக்கான விதிமுறை 1962-ல் வகுக்கப்பட்டது. நம் கரையோரத்தைச் சூறையாடிய 2004 டிசம்பர் 26-ந் தேதிச் சுனாமிக்குப் பிறகு, முன்னெச்சரிக்கை நிலையம் ஒன்று 2007-ல் ஹைதராபாத்தில் ஏற்பட்டது. இவையெல்லாம் "ஏன்?" என்று கேட்டவர்களால் கிடைத்தவை. காட்மாண்டுவின் தரஹரா கோபுரமோ 1934-ல் இடிந்து, மீண்டும் எழும்பி, 2015 ஏப்ரல் 25-ந் தேதி பூகம்பத்தில் மறுபடியும் இடிந்தது. அந்த ஒரு பூகம்பத்தில் ஏறக்குறைய ஒன்பதினாயிரம் பேர் மாண்டார்கள். அறிந்தால் மட்டும் போதாது. அறிந்தபடி நடக்கவும் வேண்டும் என்பதற்கு அது சாட்சி.

*

விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது பிரஜையின் கடமை என்று 1976-ல் நமது அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டோம். ஆனால் அந்தக் கடமை நிறைவேற வேண்டிய இடம் பார்லிமெண்டு அன்று. நம் வீட்டுக் கூடம். குழந்தை, "உங்களுக்கு எப்படித் தெரியும், அப்பா?" என்று கேட்கும்போது, "பெரியவர்கள் சொன்னால் பேசாமல் கேட்டுக்கொள்!" என்று நாம் அதட்டினால், அன்று ஒரு தாகூரின் வாயை அடைத்துவிட்டோம். "சரியான கேள்வி, வா, சேர்ந்து பார்க்கலாம்" என்றால் அந்தக் குழந்தைக்கு ஆயுள் முழுவதும் உதவும் சொத்தைக் கொடுத்துவிட்டோம். தம்மை மறுத்த கட்டுரையை மகாத்மாவே தமது பத்திரிகையில் போட்டார். நமக்கு மட்டும் என்ன கௌரவக் குறைவு?

நேற்று பக்கத்து வீட்டுப் பெரியவர் மறுபடியும் வந்தார். வேறொரு செய்தி, இம்முறை புயல். ஆனால் அதை ஊருக்கெல்லாம் அனுப்புவதற்கு முன்னால் நம்மிடம் காட்டி, "இதை முதலில் யார் சொன்னது என்று எப்படி ஸார் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டார். இருவரும் உட்கார்ந்து வானிலை நிலையத்தின் அறிக்கையைத் தேடிப் படித்தோம். புயல் ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. பெரியவர் திருப்தியுடன் எழுந்து போனார்.

எதற்கும் இருக்கட்டும் என்று முற்றத்துக் கட்டிலை மட்டும் இன்னும் உள்ளே எடுத்துப் போடவில்லை. போகட்டும்; ஒரே நாளில் எல்லாம் ஆகிவிடுமா?