கால் தப்பியதா, கார்டு தப்பியதா?

சகோதரிகளே! போன மாதம் என் பெண்ணை வீணாகத் திட்டித் தீர்த்துவிட்டேன். அந்தப் பாவத்தைக் கழுவத்தான் இந்தத் தடவை எழுதுகிறேன்.

அவளுக்கு வயசு பன்னிரண்டு. செங்கல்பட்டில் ஒரு டீச்சரிடம் பரதம் கற்றுக்கொள்கிறாள். ஞாயிற்றுக்கிழமைதான் நேரில் வகுப்பு. மற்ற நாட்களுக்கு டீச்சர் தானே ஆடி, போனில் படம் பிடித்து அனுப்புவார். போன் திரை சின்னது. அதனால் பெரியவன் படிப்புக்காக 2012-ல் வாங்கிய கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து ஆடுவாள்.

தட்டுக்கழி ஓசை கணீரென்று கேட்கிறது. இவள் கால் மட்டும் பிந்திப் பிந்தி விழுகிறது. "கவனம் எங்கேடி இருக்கு?" என்று அதட்டினேன். "டீச்சர் கால் நடுநடுவே காணாமப் போயிடுதும்மா" என்று கண்ணைக் கசக்கினாள். சாக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

ஒரு நாள் அடுப்பை அணைத்துவிட்டு நானே பக்கத்தில் உட்கார்ந்தேன். அடப்பாவமே! டீச்சர் காலைத் தூக்குகிறார். அடுத்து பார்த்தால் கால் தரையில் இருக்கிறது. நடுவில் நடந்தது ஒன்றுமே இல்லை! பெட்டிக்குள் விசிறி வேறு ரைஸ் மில் மாதிரி சத்தம் போடுகிறது.

கோயமுத்தூரில் வேலை பார்க்கும் பெரியவனுக்குப் போன் போட்டேன். அவன் சொன்னதை நம் பாஷையில் சொல்கிறேன். வீடியோ என்பது டிரங்குப் பெட்டியில் மடித்து அடுக்கிய புடவை மாதிரி. பார்க்கும்போது, சாதாரணமாக வினாடிக்கு 30 படங்களாவது பிரித்துக் காட்ட வேண்டும். இதற்கென்றே கிராபிக்ஸ் கார்டில் ஒரு பகுதி உண்டு. 2003-ல் வந்த எச்.264 என்ற மடிப்பு எங்கள் கார்டுக்கு அத்துப்படி. 2013-ல் எச்.இ.வி.சி. என்று புது மடிப்பு வந்தது. அதே படத்தை ஏறக்குறையப் பாதி இடத்தில் அடக்கிவிடும். ஐபோன்கள் 2017 முதல் இப்படித்தான் படம் பிடிக்கின்றன. வேறு பல போன்களிலும் இந்த வசதி உண்டு. எங்கள் பழைய கார்டுக்கு இதைப் பிரிக்கத் தெரியாது. வேலைக்காரி வராத நாளில் எல்லா வேலையும் நம் தலையில் விழுமே, அப்படி மொத்தப் பாரமும் பிராசஸர் மேல் விழுகிறது. சத்தத்துக்கு ஈடு கொடுக்க முடியாமல் அது படங்களைத் தாண்டித் தாண்டி ஓடுகிறது. அந்தத் தாண்டலில்தான் டீச்சரின் கால் காணாமல் போயிருக்கிறது!

கடையில் விசாரித்தோம். "பதினைந்தாயிரமாவது ஆகும்" என்றார்கள். பட்டறையிலிருந்து கல் தூசியோடு வந்த எங்க வீட்டுக்காரர், "பாப்பாவுக்குத்தானே, சீட்டுப் பணத்தை எடுத்துக்கோ" என்றார். அந்தச் சீட்டே அவள் சலங்கை பூஜைக்காகப் போட்டது! எனக்கு மனசு வரவில்லை. செலவில்லாமல் என்ன செய்யலாம் என்று மகனைக் குடைந்தேன். அவன் சொல்லிச் செய்தவை இவை:

டீச்சரின் ஐபோனில் செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ் என்று போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னோம். அரை நிமிஷ வேலை. அதன் பிறகு வரும் வீடியோ எல்லாம் பழைய மடிப்பில்தான் வருகிறது. கொஞ்சம் கூடுதல் இடம் பிடிக்கும், அவ்வளவுதான்.

முன்பே வந்தவற்றை ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் எச்.264 ஆக மாற்றினோம். பழைய பெட்டிக்கு இது மெதுவான வேலை. உளுந்து ஊறப்போடுகிற மாதிரி ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் தயார்.

யூடியூபில் பார்ப்பதானால் 1080-க்கு மேல் போகாதீர்கள். அதற்கு மேலே உள்ளவை புது மடிப்புகளில்தான் வரும்.

நம்ம ஊர்ப் பட்டறைத் தூசி விசிறியை அடைத்துக்கொள்ளும். உள்ளே சூடேறினால் பெட்டி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மின்சாரத்தை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மெல்லிய பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். ஈரத்துணி கூடவே கூடாது.

அப்படியானால் புது கார்டே வேண்டாமா? 4கே படம்தான் பார்க்க வேண்டும், வீடியோ வெட்டி ஒட்டிச் சம்பாதிக்க வேண்டும் என்றால் பழைய கார்டோடு மல்லுக்கட்டுவதில் அர்த்தமில்லை. வாங்குமுன், 2018-ல் வந்த ஏ.வி.1 மடிப்பையும் அது பிரிக்குமா, நம் பெட்டியின் பவர் சப்ளை அதைத் தாங்குமா என்று இரண்டு கேள்வி கேளுங்கள். இல்லாவிட்டால் நாலு வருஷத்தில் மறுபடி இதே கதைதான்.

இப்போது என் பெண் தாளம் தப்பாமல் தட்டுகிறாள். சீட்டுப் பணமும் பத்திரம். "அன்னைக்கே சொன்னேனேம்மா" என்று ஒரு தரம்தான் சொன்னாள். அது நூறு தரம் சொன்ன மாதிரி உறைத்தது. குழந்தை சாக்குச் சொல்கிறது என்று தோன்றினால், அதட்டுமுன் ஒரு நிமிஷம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், சகோதரிகளே!