லைட்டுக்குக் காசு கொடுக்காதீங்க



சீட்டு எடுத்த காசோடு வவுனியா டவுனுக்கோ கொழும்பு யுனிட்டி பிளாசாவுக்கோ போகிறோம். கண்ணாடிப் பெட்டிக்குள் லைட் மின்னினால் 'கேமிங் கம்ப்யூட்டர்' என்று நம்பிவிடுகிறோம். லைட்டா கேம் ஓட்டுகிறது?

'ஐ7' என்றால் புதிது என்று அர்த்தமில்லை. 2011இல் வந்ததிலும் ஐ7 இருக்கிறது. ரைசன் 5600க்கு ஏஎம்4 போர்டும் டிடிஆர்4 ரேமும் வேண்டும். ஏஎம்5 போர்டில் இரண்டுமே பொருந்தாது. 5600ஜி தனிக் கிராஃபிக்ஸ் கார்ட் இல்லாமலே படம் காட்டும்; வெறும் 5600 காட்டாது. பெயர் தெரியாத மலிவு பவர் சப்ளை பழுதானால் மற்றதையும் சேர்த்து எரிக்கலாம்.

லைட்டுக்குப் போகும் காசைக் கிராஃபிக்ஸ் கார்டில் போடுவோம். ஒவ்வொரு பார்ட்ஸின் மாடலையும் வாரண்டியையும் பில்லில் எழுதிக் கேட்போம். எழுத மறுக்கிற கடைக்கு நம் பிள்ளைகளின் காசு எதற்கு?