எட்டு நாள் ஊழியத்தில் எதைச் செய்யலாம், எதை விடலாம்?

ஜூன் விடுமுறைக்குச் சில மாதங்கள் இருக்கும்போதே எங்கள் தேவாலய அறிவிப்புப் பலகையில் ஒரு சுவரொட்டி ஏறிவிடும். ஓராண்டு கம்போடியா, மற்றோர் ஆண்டு பிலிப்பீன்ஸ், சில சமயம் நேப்பாளம். ‘ஊழியப் பயணம்’ என்று பெரிய எழுத்தில் இருக்கும். கீழே கட்டணமும் பதிவு செய்யக் கடைசி நாளும். தேவாலயத்துக்குப் போகாத வாசகர்களுக்கும் இது அந்நியமான விஷயம் அல்ல. 2000ஆம் ஆண்டில் ‘யூத் எக்ஸ்பெடிஷன் புராஜெக்ட்’ தொடங்கியதிலிருந்து பலதுறைத் தொழிற்கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்கள் பலரும் தூரிகையும் பரிசுப் பைகளுமாய் அண்டை நாட்டுக் கிராமங்களுக்குப் போய் வந்திருக்கிறார்கள். பிரார்த்தனை மட்டும்தான் வித்தியாசம்.

நானும் போனவள். வாய்ப்புக் கிடைத்தால் மீண்டும் போவேன். இந்தப் பயணங்களை நிறுத்த வேண்டும் என்று வாதாட நான் வரவில்லை. இந்த ஆண்டுக் குழுவில் என் தம்பி பதிவு செய்திருக்கிறான். கம்போடியாவில் எட்டு நாள். அட்டவணையில் ஆறாம் நாளுக்கு நேரே ‘ஆதரவற்ற பிள்ளைகள் இல்லத்தில் ஒரு நாள்’ என்று போட்டிருக்கிறார்கள். நான் போன ஆண்டில் அது இல்லை. இம்முறை அங்குள்ள ஓர் இல்லம் அழைத்திருக்கிறதாம். அந்த நாளை நீக்கிவிடும்படி ஏற்பாட்டுக் குழுவிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன். “பிள்ளைகளோடு விளையாடினால் என்ன குறைந்துவிடும்?” என்று குழுவில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை.

1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் ஆட்சியில் ஏறத்தாழ 1.7 மில்லியன் பேர் மாண்டதாகக் கணக்கிடுகிறார்கள். ஆசிரியர்களும் மருத்துவர்களும் குறிவைத்துக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிந்திய ஆண்டுகளில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் உண்மையிலேயே ஏராளம். அவர்களுக்கு இல்லங்கள் தேவைப்பட்டன. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு இன்று நம் பெற்றோரின் வயது. அமைதி திரும்பி, ஆதரவற்ற பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்துவந்த காலத்தில் இல்லங்களின் எண்ணிக்கை ஏறியது. 2005க்கும் 2010க்கும் இடையில் மட்டும் 75 விழுக்காடு கூடியது. யுனிசெஃப் அமைப்பும் கம்போடிய அரசாங்கமும் ஆராய்ந்தபோது, அவற்றில் வளரும் பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் மூவருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருப்பது தெரிந்தது.

அப்படியானால் அந்தப் பிள்ளைகள் ஏன் அங்கே இருக்கிறார்கள்? வறுமை ஒரு காரணம். இல்லத்தில் சேர்த்தால் மூன்று வேளைச் சோறும் ஆங்கிலமும் கிடைக்கும் என்று பெற்றோர் நம்புவது இன்னொன்று. மூன்றாவது காரணம் நாம்தான். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் ஆதரவற்ற பிள்ளைகளைப் பார்க்க விரும்புகிறார்கள். பார்த்த பிறகு பணம் கொடுக்கிறார்கள். பார்க்க ஆள் இருக்கும்வரை பிள்ளைகளைச் சேர்க்கவும் ஆள் இருப்பார்கள். எல்லா இல்லங்களும் அப்படி என்று நான் சொல்லவில்லை. நல்ல மனத்தோடு நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எட்டு நாளில் ஒரு நாளை அங்கே கழிக்கும் 18 பேருக்கு எது எப்படிப்பட்ட இல்லம் என்று கண்டுபிடிக்கும் வழி ஏது? இல்லம் என்பது கடைசி வழியாகவும் தற்காலிகமாகவும் மட்டுமே இருக்க வேண்டும் என்று கம்போடிய அரசாங்கமே 2006இல் கொள்கை வகுத்துவிட்டது. பிள்ளைகள் சுற்றுலாக் காட்சிப் பொருள் அல்லர் என்று அந்நாட்டிலேயே ஓர் இயக்கம் பல ஆண்டுகளாக விளம்பரம் செய்துவருகிறது.

முதல் பத்து நிமிடத்திலேயே மடியில் வந்து உட்காரும் பிள்ளையைப் பற்றித்தான் பயணம் போய் வந்தவர்கள் அதிகம் உருகுவார்கள். எனக்கு அதைக் கேட்கவே அச்சமாக இருக்கும். முன்பின் தெரியாதவரிடம் ஒரு பிள்ளை அப்படி ஒட்டிக்கொள்வது நலத்தின் அடையாளம் அன்று. வருகிறவர்கள் எல்லாரும் கட்டியணைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள் என்பதை அது எத்தனை முறை பார்த்திருக்கும்? சிங்கப்பூரில் உள்ள ஒரு சிறுவர் இல்லத்துக்குள் வெளிநாட்டு மாணவர் குழு ஒன்று பேருந்தில் வந்து இறங்கி, பிள்ளைகளோடு படம் எடுத்து, அன்றிரவே இன்ஸ்டகிராமில் போட்டால் நாம் சும்மா இருப்போமா?

சரி, பிறகு எதற்குத்தான் போவது?

நான் போன பயணத்தில் நான்கு நாள் மணல் சலித்தோம். கேட்க அழகாக இல்லை, செய்யும்போதும் அழகாக இல்லை. பயோசேண்ட் வடிகட்டி என்று ஒன்று உண்டு. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் மான்ஸ் 1990களில் உருவாக்கியது. காங்கிரீட் தொட்டிக்குள் சரளை, பருமணல், நுண்மணல் என்று அடுக்கடுக்காகப் போட்டு மேலே தண்ணீர் ஊற்றுவார்கள். சில வாரங்களில் மணலின் மேற்பரப்பில் நுண்ணுயிர்ப் படலம் ஒன்று உருவாகும். நோய்க் கிருமிகளில் பெரும்பகுதியை அந்தப் படலமும் மணலும் சேர்ந்து தடுத்துவிடும். மின்சாரம் வேண்டாம். ஆனால் மணல் சரியான பருமனில், சரியான அளவுக்குக் கழுவப்பட்டிருக்க வேண்டும். கழுவிய மணலை ஒரு கண்ணாடிப் புட்டியில் தண்ணீரோடு போட்டுக் குலுக்கிக் காட்டச் சொல்வார் அங்குள்ள தொழில்நுட்பர். கலங்கல் அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் திரும்பவும் முதலிலிருந்து. அவருக்கு ஆங்கிலம் அதிகம் தெரியாது. எங்களில் மூவர் பொறியியல் மாணவர்கள் என்பது அவரை அசைக்கவே இல்லை.

அந்த நான்கு நாளில் முதலாளி அவர், கூலியாட்கள் நாங்கள். இந்த வரிசை முக்கியம் என்று நினைக்கிறேன். எங்கே வைப்பது, யாருக்கு முதலில், கிணற்றில் ஆர்செனிக் இருக்கிறதா என்று சோதித்தாயிற்றா என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஆர்செனிக் சாதாரண விஷயம் அன்று. மீக்கோங் ஆற்றையொட்டிய காண்டால் போன்ற மாநிலங்களில் சுத்தமான நீர் கொடுக்கும் நல்லெண்ணத்தோடு தோண்டப்பட்ட ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் அது இருப்பது பின்னர்தான் தெரியவந்தது. சாதாரண மணல் வடிகட்டி ஆர்செனிக்கை நீக்காது. நல்லெண்ணம் நீரைச் சோதிப்பதில்லை. ஊர்க்காரர் ஒருவர் சோதிக்க வேண்டியிருக்கிறது.

மாலையில் பள்ளியில் ஆங்கில வகுப்பு எடுத்தோம். உடல் உறுப்புகளைத் தொட்டுக் காட்டிப் பாடும் பாட்டைக் கற்றுத்தரத் தயாராகப் போனால், பிள்ளைகள் அதை எங்களைவிட வேகமாகப் பாடினார்கள். எங்களுக்கு முன்னால் வந்த குழுக்கள் எல்லாம் அதையே சொல்லித் தந்திருக்க வேண்டும். அதைப் பற்றி வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை.

பணக் கணக்கை எடுத்து வீசுகிறவர்களும் உண்டு. ஆளுக்கு 1,400 வெள்ளி, 18 பேருக்கு 25,200 வெள்ளி. கம்போடியாவில் ஆயத்த ஆடைத் தொழிலாளியின் குறைந்தபட்ச மாத ஊதியம் 2025இல் 208 அமெரிக்க டாலர். எங்கள் எட்டு நாள் செலவு ஒரு தொழிலாளியின் ஏழு ஆண்டுச் சம்பளத்துக்கும் மேல். பயணத்தை விட்டுவிட்டுக் காசோலையை அனுப்புங்கள் என்பது அவர்கள் வாதம். எனக்கு இதில் பாதிதான் உடன்பாடு. போகாமல் இருந்திருந்தால் அந்த 1,400 வெள்ளியை நாங்கள் யாரும் கம்போடியாவுக்கு அனுப்பியிருக்க மாட்டோம். ஜோகூரிலும் பேங்காக்கிலும் செலவழித்திருப்போம். ஆனால் கணக்கு ஒன்றைச் சுட்டிக்காட்டத்தான் செய்கிறது. வடிகட்டி வைத்த வீடுகளுக்கு மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கத் தொழில்நுட்பருக்கு மோட்டார் சைக்கிளும் பெட்ரோலும் வேண்டும். வடிகட்டிக்குப் பணம் தர ஆள் கிடைக்கிறார்கள், அதன் மேல் பெயரும் எழுதலாம். பெட்ரோலின் மேல் யாருடைய பெயரை எழுதுவது?

1968இல் மெக்சிகோவில், தொண்டு செய்ய வந்திருந்த அமெரிக்க மாணவர்களிடம் இவான் இலிச் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் கடுமையாகப் பேசினார். பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்பது அவர் பேச்சின் சாரம். பல்கலைக்கழகத்தில் அதைப் படித்தபோது எரிச்சலாக இருந்தது. உதவியே வேண்டாம் என்பதை நான் இன்றும் ஏற்கவில்லை. அதை ஏற்றால் நம் ஊர்க் கதையையே மறுக்க வேண்டியிருக்கும்.

சோஃபியா பிளாக்மோர் என்ற ஆஸ்திரேலியப் பெண் 1887இல் சிங்கப்பூர் வந்தார். தங்கள் மகள்களுக்குப் பள்ளி வேண்டும் என்று இங்கிருந்த இந்திய வணிகர்கள் கேட்க, ஷார்ட் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டில் ஒன்பது தமிழ்ச் சிறுமிகளோடு பள்ளி தொடங்கினார். அதுதான் பின்னாளில் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி ஆனது. அவரும் ஊழியத்துக்கு வந்தவர்தான். ஆனால் கேட்டவர்களுக்குக் கேட்டதைச் செய்தார். உள்ளூர் மொழியைக் கற்றார். ஏறத்தாழ 40 ஆண்டுகள் இங்கேயே இருந்தார். அவர் எட்டாம் நாள் கப்பல் ஏறியிருந்தால் அந்த ஒன்பது பேர் என்ன ஆகியிருப்பார்கள்? நம்மால் 40 ஆண்டுகள் இருக்க முடியாது, சரி. அங்கே 40 ஆண்டுகள் இருக்கப்போகிறவர்களுக்கு எடுபிடியாகப் போகலாம்.

விசுவாசத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இதைச் சொன்னால் தேவாலயத்தில் சிலருக்கு வருத்தமாக இருக்கும். கம்போடியாவில் பௌத்தம் அரசமைப்புச் சட்டப்படி அரச மதம். வீடு வீடாகப் போய் மதம் பரப்புவதையும், பணமோ பொருளோ கொடுத்து மதம் மாற்றுவதையும் 2007இல் அந்நாட்டுச் சமய அமைச்சு தடைசெய்தது. சட்டத்துக்குப் பயந்து மட்டும் நான் இதைப் பேசவில்லை. கையில் அரிசி மூட்டையோடு நிற்கிறவர் ஜெபிக்கலாமா என்று கேட்டால், பசித்திருப்பவர் வேண்டாம் என்றா சொல்வார்? அந்த ஜெபத்துக்கு என்ன மதிப்பு? அரிசிக்காக மதம் மாறியவர்கள் என்ற ஏச்சை நம் முன்னோரில் பலர் வாங்கியிருக்கிறார்கள். இன்னொரு நாட்டுக்காரருக்கு அதை நாமே தேடித் தர வேண்டாம். நல்ல சமாரியன் கதை ஞாயிறு பள்ளியில் எல்லாருக்கும் சொல்லித்தரப்படுவது. அவன் காயம்பட்டவனின் மதத்தைக் கேட்கவில்லை. சத்திரக்காரனிடம் காசு கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னான், கூடுதல் செலவைத் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிப் போனான். சத்திரக்காரனைப் பற்றி யாரும் பிரசங்கம் செய்து நான் கேட்டதில்லை.

ஏற்பாட்டுக் குழுவுக்கு எழுதிய கடிதத்தில் ஆறாம் நாளுக்கு மாற்று ஒன்றையும் சொல்லியிருக்கிறேன். மணல் சலித்த அந்த ஊரிலேயே இன்னொரு நாள் இருக்கலாம். பழைய வடிகட்டிகள் இருக்கும் வீடுகளுக்குத் தொழில்நுட்பரோடு போய், எது ஓடுகிறது, எது கோழிக்கூண்டுக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது என்று பட்டியல் எடுக்கலாம். அவரிடம் கேட்டும் பார்த்தேன். ஆட்கள் வந்தால் நல்லதுதான், கைப்பேசியில் கணக்கு வைக்க யாராவது கற்றுத்தந்தால் இன்னும் நல்லது என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் பதில் அனுப்பினார். எங்கள் குழுவில் கணக்கியல் படிக்கிறவர்கள் இருவர் இருக்கிறார்கள். ஏற்பாட்டுக் குழு அடுத்த ஞாயிறு கூடுகிறது. ஆறாம் நாள் மாறாவிட்டால் அன்று மட்டும் விடுதியிலேயே இருந்துகொள்வதாகத் தம்பி சொல்லியிருக்கிறான்.