எலும்புக்கு ஊசியா? முதலில் பல்லைக் காட்டுங்கள்!

என் நாத்தனாருக்கு மார்பகப் புற்றுநோய் எலும்புக்கும் பரவிவிட்டது. எலும்பு நொறுங்காமலிருக்க டாக்டர் 'ஜோலெட்ரானிக் ஆசிட்' ட்ரிப்ஸ் எழுதியிருக்கிறார். கூட இருந்து கவனிக்கிறவள் என்ற முறையில் சில விஷயங்கள்:

மருந்து ஆரம்பிக்குமுன் பல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். சொத்தைப் பல்லைப் பிடுங்குவதானால் அப்போதே பிடுங்கி, புண் ஆறட்டும். மருந்து ஏற ஆரம்பித்தபின் பிடுங்கினால், சிலருக்குத் தாடையெலும்பு ஆறாமல் அழுகிப் போகிறது. 2003-ல்தான் வைத்திய உலகம் இதைக் கவனித்தது.

ஒவ்வொரு தடவையும் 'கிரியாட்டினின்' ரத்தப் பரிசோதனை அவசியம். மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. 15 நிமிஷத்துக்குக் குறையாமல் மெதுவாக ஏற்ற வேண்டும். "சீக்கிரம் முடிங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று நர்ஸை அவசரப்படுத்தாதீங்க!

எங்கள் திருவண்ணாமலையில் பௌர்ணமி விரதம் விசேஷம். ட்ரிப்ஸ் நாளில் விரதம் வேண்டாம். தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். அண்ணாமலையார் கோபிச்சுக்க மாட்டார்!

முதல் தடவைக்குப் பின் இரண்டு மூன்று நாள் காய்ச்சல், உடம்புவலி வரலாம். கீமோதெரபியும் நடந்தால், காய்ச்சலை உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். கடையில் வலி மாத்திரை நீங்களாக வாங்க வேண்டாம். சில மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும். டாக்டர் தந்த கால்ஷியம், வைட்டமின் டி மாத்திரைகளை நிறுத்தாதீர்கள். வாயைச் சுற்றி மரத்துப்போனாலோ, கை கால் இழுத்தாலோ, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.