வேட்பாளர் இறந்தால் வாக்குப்பதிவைத் தள்ளிவைப்பது தவறா?

அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளர் வாக்குப்பதிவுக்கு முன் இறந்துவிட்டால், அந்தத் தொகுதியில் வாக்குப்பதிவைத் தள்ளிவைக்கச் சொல்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 52-வது பிரிவு. தேர்தல் ஆணையம் நோட்டீஸ் கொடுத்த ஏழு நாளுக்குள் அக்கட்சி வேறொருவரை நிறுத்தலாம். ‘இது கட்சிகளுக்குச் சலுகை, நீக்குங்கள்’ என்கிறார்கள். அவர்கள் அடுக்கும் காரணங்களைப் பார்ப்போம்.

‘மாற்று வேட்பாளர்தான் இருக்கிறாரே!’ முதன்மை வேட்பாளரின் மனு பரிசீலனையில் ஏற்கப்பட்டதுமே, கட்சியின் பெயரில் மாற்று வேட்பாளர் கொடுத்த மனு தள்ளுபடியாகிவிடும். அதன்பின் மரணம் நேர்ந்தால், அந்தச் சின்னத்தில் நிற்க ஆளே கிடையாது.

‘காலமும் பணமும் வீண்.’ 2024-ல் மத்தியப் பிரதேசத்தின் பேதுல் தொகுதியில் பகுஜன் சமாஜ் வேட்பாளர் இறந்தார். ஏப்ரல் 26-ல் நடக்கவிருந்த வாக்குப்பதிவு மே 7-ல் நடந்தது. தாமதம் வெறும் 11 நாள். 2023-ல் ராஜஸ்தானில் கரண்பூர் மட்டும் காத்திருந்தது. மற்ற 199 தொகுதிகளில் வாக்குப்பதிவு முடிந்து அரசும் அமைந்தது.

‘அனுதாப அலையில் கட்சி ஜெயித்துவிடும்.’ கரண்பூரில் இறந்த காங்கிரஸ் வேட்பாளரின் மகன் வென்றது உண்மைதான். ஆனால் 2021-ல் மேற்கு வங்கத்தின் ஜங்கிபூரில் புரட்சிகர சோசலிஸ்ட் வேட்பாளரும், சம்சேர்கஞ்சில் காங்கிரஸ் வேட்பாளரும் இறந்தார்கள். செப்டம்பர் 30-க்குத் தள்ளிப்போன அந்த இரண்டு தேர்தல்களிலும் வென்றது திரிணமூல்தான். அனுதாபத்துக்கும் எல்லை உண்டு என்பதை வாக்காளர்கள் காட்டிவிட்டார்கள்.

‘சுயேச்சை இறந்தால் மட்டும் ஏன் தள்ளிவைப்பதில்லை?’ ஒரு காலத்தில் எந்த வேட்பாளர் இறந்தாலும் தேர்தல் ரத்தானது. தேர்தலை நிறுத்த நினைப்பவர்களுக்கு ஒரு சுயேச்சையின் உயிர் போதும் என்ற ஆபத்து அதில் இருந்தது. 1996-ல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். அவ்வளவு பேரில் யாருக்கு என்ன நேர்ந்தாலும் தேர்தல் நிற்கும் என்றால், தேர்தலே நடக்காது.

‘அப்படியானால், விலகினாலும் தள்ளிவைக்க வேண்டியதுதானே?’ கூடாது. 2024-ல் இந்தூர் காங்கிரஸ் வேட்பாளர் கடைசி நாளில் மனுவை வாபஸ் வாங்கினார். அங்கே 2,18,674 பேர் நோட்டாவை அழுத்தினார்கள். வாக்காளர்களின் கோபம் நியாயமானது. ஆனால் விலகுவது மனிதர் எடுக்கும் முடிவு. அதற்காகத் தேர்தலைத் தள்ளிவைத்தால், தோல்வி பயம் வந்த கட்சியெல்லாம் தன் ஆளை விலகச் சொல்லும். தப்பி ஓடுகிறவரை நிறுத்திய பொறுப்பைக் கட்சிதான் சுமக்க வேண்டும்.

52-வது பிரிவு காப்பது கட்சியை அல்ல, தனக்குப் பிடித்த சின்னத்துக்கு வாக்களிக்கும் வாக்காளரின் உரிமையை. அதில் கைவைக்காதீர்கள்.