வாயில் பிள்ளையோடு நிற்கும் மீன்

கண்மாய் வத்தும்போது நாம் ஜிலேபிக் கெண்டை பிடித்து வீட்டில் வளர்க்கிறோம். தாய் மீனை என்ன செய்கிறோம்?

இந்த மீன் முட்டையை வாய்க்குள் வைத்தே பொரிக்கும். அதுவரை சரியாக இரை எடுக்காது. போன கோடையில் நான் பிடித்த மீனுக்குத் தாடை வீங்கியிருந்தது. நோய் என்று நினைத்து வாயைப் பிரித்துப் பார்த்தேன். மஞ்சள் முட்டையெல்லாம் கொட்டிப்போச்சு. "அடிப்பாவி, புள்ளத்தாச்சிய இப்படியா பண்ணுவ?" என்று அப்பத்தா திட்டினார். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் கருத்து இதுதான். தாடை வீங்கிய மீனைத் தனித் தொட்டியில், நிழலில் விடுங்கள். ஒளிந்துகொள்ள உடைந்த பானை போடுங்கள். கையை விட்டுக் கலக்காதீர்கள். பயந்தால் முட்டையைத் துப்பிவிடும். பொரித்த குஞ்சுகள் ஆபத்து என்றால் தாயின் வாய்க்கே ஓடும். அப்படி ஓடுவது நின்றதும் தாயை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். குஞ்சுகளுக்குச் சலித்த தவிடு கொஞ்சம் தூவினால் போதும்.

வளர்ந்ததை வேறு குளத்தில் விடாதீர்கள். இது ஆப்பிரிக்க மீன். 1952-இல் இந்தியாவுக்கு வந்தது. நாட்டு மீன்களுக்கு இடம் விடாது. குழம்பு வைப்பது வேறு, வாயில் பிள்ளையோடு இருப்பதை வதைப்பது வேறு. சிந்திப்போம்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி